கரிசல் மண், உப்புத் தண்ணீர்: நம் ஊர்க் காட்டுப் பூச்செடிகளை வீட்டில் வளர்க்க முடியுமா?

சாத்தூர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். சாத்தூருக்கு வெளியே வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். வீட்டுக்கு முன்னாலும் தெற்குப் பக்கமுமாக மூணு சென்ட் அளவுக்குக் காலி இடம் கிடக்கிறது. தெற்குப் பக்கம் சுத்தமான கரிசல். வாசல் பக்கம் மட்டும் தரையை உயர்த்தச் சரளை மண் அடித்திருக்கிறோம். போர்த் தண்ணீர் உப்பு. ஊற்றிய இடமெல்லாம் வெள்ளை பூக்கிறது. குழாய்த் தண்ணீர் குடிக்கவே அளந்துதான் வருகிறது. நர்சரியில் வாங்கி வைத்த ரோஜாவும் குரோட்டன்ஸும் இலை ஓரம் கருகிப் போய்விட்டன.

போன கார்த்திகையில் இருக்கன்குடி கோயிலுக்குப் போகிற வழியில் ரோட்டோரம் பார்த்தேன். ஆவாரம்பூ மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது, அடியில் தும்பை, அதற்குள்ளே சின்னதாக ஒரு நீலப் பூ. யார் தண்ணீர் ஊற்றினார்கள் அதற்கு? அதே செடிகளை வீட்டில் வைத்தால் என்ன என்று அன்றைக்கே தோன்றியது.

என் கேள்விகள்: எந்தெந்தச் செடி சரிப்படும்? விதை எங்கே கிடைக்கும்? இணையத்தில் ‘காட்டுப்பூ விதைக் கலவை’ என்று பாக்கெட் விற்கிறார்களே, அதை வாங்கலாமா? நித்தியகல்யாணி, உண்ணிப்பூ, தண்ணீர் பட்டால் வெடிக்கிற பட்டாசுக்காய்ச் செடி இவையும் நம் ஊர்ச் செடிகள்தானே, அவற்றையும் சேர்க்கலாமா? இன்னொன்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் ‘புதர் மாதிரி வளர்த்தால் பாம்பு வரும்’ என்கிறார்கள். அம்மாவுக்கும் அதே பயம். வளர்த்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


மதுரை மாடித்தோட்டம்:

நல்ல யோசனை நண்பரே. சொட்டுநீர்க் குழாய் போட்டு, மேலே தென்னை நார்க் கழிவோ காய்ந்த இலையோ கனமாக மூடாக்குப் போட்டுவிட்டால் பாதித் தண்ணீர் மிச்சமாகும். காகிதப்பூவும் வைக்கலாம், வெயிலுக்கு அசையாது. ஆவாரை பற்றி எனக்கு அனுபவம் இல்லை, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


வெயிலுகந்தாள்:

அண்ணாச்சி, நான் கோவில்பட்டிப் பக்கம். அப்பா பருத்தியும் உளுந்தும் விதைத்த மானாவாரிப் புஞ்சையின் ஓரத்தில்தான் இப்போது வீடு. வீட்டைச் சுற்றி நீங்கள் கேட்கிற செடிகளைத்தான் பல வருஷமாக வளர்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. இந்தச் செடிகளைத் தோட்டச் செடி என்று நினைக்காதீர்கள், மானாவாரி வெள்ளாமை என்று நினையுங்கள். நம் பக்கம் மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். சித்திரையில் இடி மின்னலோடு கொஞ்சம் கோடை மழை. ஆனியும் ஆடியும் வெறும் காற்று, கயத்தாறில் காற்றாடியைச் சுற்றுகிற அதே மேல்காற்று மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். இந்தக் கணக்குக்குள்ளேயே முளைத்து, பூத்து, விதைத்து, காய்ந்து முடிகிற செடிகள்தான் நீங்கள் ரோட்டோரம் பார்த்தவை. நாம் செய்ய வேண்டியது அந்தக் கணக்கில் குறுக்கே விழாமல் இருப்பது. சொட்டுநீரைப் பற்றி மதுரை நண்பர் சொன்னது காய்கறிக்குச் சரி. இங்கே வேண்டாம். உப்புத் தண்ணீரைக் கரிசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் உப்பு மண்ணிலேயே தங்கும், மண்ணும் இறுகிக் கட்டியாகிப் போகும். நல்ல மழை பெய்து கழுவினால்தான் அது கீழே இறங்கும்.

நீங்கள் கேட்ட நேரம் அருமையான நேரம். புரட்டாசி பிறந்திருக்கிறது. நம் சம்சாரிகள் மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதைப்பார்கள், தெரியும்தானே? கரிசலில் ஒரு நல்ல மழை விழுந்துவிட்டால் காலே வைக்க முடியாது, களி ஒட்டிக்கொள்ளும். அதற்குள் விதை மண்ணுக்குள் இருந்தால் முதல் ஈரத்தை முழுசாகப் பிடிக்கும். 1901ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் மானாவாரிக் கரிசலுக்கு இந்தப் பருவமுன் விதைப்பைத்தான் சொல்கிறது. சோளத்துக்கும் பருத்திக்கும் சொன்னது பூச்செடிக்கும் பொருந்தும்.

உங்கள் இடத்தில் ரெண்டு மண் இருப்பது பெரிய வசதி. கரிசல் கோடையில் கை போகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். அப்படி வெடிக்கும்போது மெல்லிய வேரெல்லாம் அறுந்துபோகும். ஆழமாக ஆணிவேர் விடுகிற செடிதான் அங்கே நிற்கும். அதனால் தெற்குப் பக்கம் ஆவாரை, செம்முள்ளி, கண்ணுப்பிள்ளை என்கிற பூளைப்பூ, தும்பை. வாசல் பக்கச் சரளைக்குத் தண்ணீர் தேங்கினால் பிடிக்காத செடிகள்: கொழிஞ்சி, விஷ்ணுகிராந்தி, ஓரிதழ்தாமரை. நீங்கள் பார்த்த சின்ன நீலப் பூ அநேகமாக விஷ்ணுகிராந்திதான். தரையோடு படரும், காலையில் விரிந்து உச்சி வெயிலுக்குள் சுருண்டுவிடும். நீங்கள் கோயிலுக்குப் போனது காலை நேரம் என்றால் சந்தேகமே இல்லை.

ஆவாரையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்தத் தோட்டத்துக்கும் அதுதான் முதுகெலும்பு. ரோட்டோரத்திலிருந்து செடியைத் தோண்டிக்கொண்டு வந்து நடாதீர்கள். ஆணிவேர் அறுந்தால் பிழைக்காது. பிழைத்தாலும் பக்கவேரை நம்பித் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும். விதைதான் வழி. தட்டையான, பழுப்பு நிறக் காய்கள் செடியிலேயே காய்ந்து தொங்கும், இப்போதே போனால் கிடைக்கும். ஒரே செடியை மொட்டை அடிக்காமல், பத்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பறியுங்கள். அந்த விதைக்குத் தோல் கெட்டி, அப்படியே போட்டால் ஒன்று ரெண்டு முளைக்கும், மிச்சம் அடுத்த வருஷத்துக்குத் தூங்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, கொஞ்சம் சூடு தணிந்ததும் விதையைப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பதை விதைக்கலாம். உப்பாததை மறுபடி வெந்நீரில் போடுங்கள். ஊறிய விதையைப் புழுதியில் போடக்கூடாது, ஈரம் கிடைக்காமல் செத்துவிடும். ஊறவைத்தது மழை விழுந்த பிறகு, ஊறவைக்காதது மழைக்கு முன். நான் ரெண்டையும் கலந்தே செய்வேன். மழை ஏமாற்றினாலும் மண்ணுக்குள் கையிருப்பு இருக்கும்.

ஒரு குழிக்கு மூணு விதை, குழிக்குக் குழி நாலடி. முதல் வருஷம் முழங்கால் உயரம்தான் வரும். அது சோம்பல் இல்லை, கீழே வேரை இறக்குகிற நேரம். ரெண்டாம் வருஷம் பாருங்கள். பொங்கல் முடிந்ததும் மேலாகக் கவாத்து பண்ணிவிட்டால் குட்டையாக, அடர்த்தியாக நிற்கும். வெட்டினால் தழைகிற செடி அது. ஒரு காலத்தில் தோல் பதனிட ஆவாரம் பட்டை வண்டி வண்டியாகப் போனது. குச்சியை வெட்ட வெட்டத்தான் துளிர்த்தது.

செம்முள்ளியைக் குச்சி ஒடித்தே வைக்கலாம், மழைக்காலத்தில் வேர் பிடிக்கும். முள் உண்டு, அதனால் வேலி ஓரம் வையுங்கள். ஆரஞ்சு கலந்த மஞ்சள் பூ. வேலிக்கு வேலியும் ஆச்சு, ஆடும் எட்டிப் பார்க்காது.

தும்பைக்கு ஒரு வேலையும் இல்லை. காய்ந்த செடியைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் பொடி மாதிரி விதை கொட்டும். மண் மேலேயே தூவிக் கையால் தடவி விடுங்கள், மூட வேண்டாம். ஒரு தடவை வந்துவிட்டால் பிறகு ஒவ்வொரு மழைக்கும் தானாக வரும். கண்ணுப்பிள்ளையும் அப்படித்தான். பொங்கலுக்கு முதல் நாள் காப்புக்கட்ட ஆவாரம்பூ, வேப்பிலை, கண்ணுப்பிள்ளை மூணும் வேண்டும் இல்லையா, சந்தையில் ஒரு கட்டு வாங்குகிறோமே, அது எல்லாமே உங்கள் வீட்டிலேயே இருக்கும். எங்கள் தெருவில் இப்போது யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை, போகியன்று காலையில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

கொழிஞ்சி விதையை மணலோடு சேர்த்துத் துணியில் கட்டி நன்றாகத் தேய்த்து விதையுங்கள், அதற்கும் தோல் கெட்டி. ஊதாப் பூ. வேரில் முடிச்சு கட்டிக் காற்றிலிருந்து தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் வயலுக்கு அடியுரமாக மடக்கி உழுவார்கள். மாடு வாய் வைக்காது. உங்கள் சரளை மண்ணுக்கு இதைவிட நல்ல செடி எனக்குத் தெரியாது.

உரம்? எருவும் வேண்டாம், மண்புழு உரமும் வேண்டாம். மண்ணைக் கொழுக்க வைத்தால் முந்திக்கொண்டு வருவது பார்த்தீனியம்தான். அதைப் பூக்கிறதுக்கு முன்னால் கையுறை போட்டு வேரோடு பிடுங்கிவிடுங்கள். சீமைக்கருவேல் முளையும் வரும். விரல் நீளத்தில் இருக்கும்போது பிடுங்குங்கள், இடுப்பு உயரம் போனால் கடப்பாரை வேண்டும். ஆனால் முதல் மழைக்கு முளைக்கிற எல்லாமே ஒரே மாதிரித் தெரியும். நாலைந்து இலை விட்டு அடையாளம் தெரிகிறவரை களைக்கொத்தைத் தொடாதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட மற்றவை. நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. உண்ணிச்செடியும் பட்டாசுக்காயும் வெப்பமண்டல அமெரிக்கா. காகிதப்பூ தென்னமெரிக்கா. நித்தியகல்யாணியை வைத்தால் ஒன்றும் குடி முழுகாது, அம்மா பூஜைக்குக் கேட்டால் ஒரு ஓரத்தில் வையுங்கள். உண்ணிச்செடியை மட்டும் கொண்டுவரவே வராதீர்கள். நம் மலைக்காடுகளில் அடியில் ஒரு புல் முளைக்க விடாமல் படர்ந்து கிடப்பது அதுதான். குருவி பழத்தைத் தின்று விதையை எங்கெங்கோ போடும். பட்டாசுக்காய்க்கு அடியில் கிழங்கு உண்டு. பிடுங்கினாலும் மறுபடி வரும்.

விதைப் பாக்கெட்டை வாங்குவதற்கு முன்னால் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். காஸ்மாஸ், ஜின்னியா, கெய்லார்டியா என்று இருந்தால் அவை மெக்சிகோவும் வட அமெரிக்காவும். பூ அழகுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் தேடுவது அது இல்லை. நமக்கு விதைக்கடை பொழிதான், அதாவது வரப்பு ஓரம். கண்மாய்க் கரை, ஓடை ஓரம், புஞ்சைப் பொழி, ரயில்வே லைன் ஓரம். தை, மாசியில் பைகளோடு போங்கள். பொழியைச் செதுக்குவதற்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீர்: முதல் கோடை மட்டும், ஆவாரைக் கன்றுக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு குடம் போதும். அரிசி களைந்தது, காய்கறி கழுவியது இப்படி உப்பில்லாத தண்ணீராக இருக்கட்டும். வடிகட்டும் இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீரை ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல். ரெண்டாம் வருஷத்திலிருந்து ஒரு சொட்டும் வேண்டாம்.

பாம்புப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நம் பக்கம் விரியனும் நல்ல பாம்பும் நிஜமாகவே உண்டு. வீட்டுச் சுவரிலிருந்து நாலடிக்கு ஒன்றுமே வைக்காமல் பெருக்கிச் சுத்தமாக வையுங்கள். நடக்கிற பாதை அகலமாக, வெறும் தரையாக இருக்கட்டும். ஆவாரைக்கு அடிக்கிளையை முழங்கால் உயரம் வரை கழித்துவிட்டால் தரை தெரியும். முக்கியமாக, வீடு கட்டி மிஞ்சிய செங்கல் குவியல், ஓட்டுக் குவியல், விறகு இவற்றை அப்புறப்படுத்துங்கள். எலியும் தவளையும் அங்கேதான் பதுங்கும், அதைத் தேடித்தான் பாம்பு வரும். பூச்செடிக்கு வருவதில்லை. அம்மாவிடம் இதைக் காட்டிச் சொல்லுங்கள்.

கடைசியாக, பங்குனி முதல் ஆவணி வரை உங்கள் தோட்டம் காய்ந்துதான் கிடக்கும். தும்பை முழுக்கச் சருகாகும், விஷ்ணுகிராந்தி இருந்த இடமே தெரியாது, கொழிஞ்சி இலையை உதிர்த்துக் குச்சியாக நிற்கும். ஆவாரையும் செம்முள்ளியும்தான் பச்சை காட்டும். வருகிறவர்கள் ‘என்ன எல்லாம் பட்டுப்போச்சா’ என்று கேட்பார்கள். பதறித் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள். விதையெல்லாம் மண்ணில் இருக்கிறது, வேரும் உயிரோடு இருக்கிறது. அந்த ஆறு மாசத்தைச் செத்த தோட்டமாகப் பார்க்கிற கண்தான் நம் செடிகளை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. வருஷம் முழுக்கப் பச்சை வேண்டும் என்பது தண்ணீர் ஓடுகிற ஊர்க்காரர்களின் ஆசை. கரிசலுக்கு வேறு அழகு இருக்கிறது, அதை நான் முழு மனசோடு சொல்கிறேன்.


பூச்சிப் பார்வை:

ராஜபாளையத்திலிருந்து எழுதுகிறேன். வெயிலுகந்தாள் அக்கா செடியைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார்கள், நான் செடிக்கு வருகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான், அதுவும் மகரந்தப் பையின் நுனியில் இருக்கிற சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். பெரிய கருவண்டு ஒன்று பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கும், அப்போதுதான் பொடி கொட்டும். காலையில் செடிக்குப் பக்கத்தில் நின்றால் அந்த ‘ஙொய்ங்’ சத்தம் பறக்கிற சத்தத்தைவிட உச்சமாகக் கேட்கும். வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு தேனீயும் இதையே செய்யும். கூட்டமாகக் கூடு கட்டாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தனியாக மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். அதனால்தான் மூடாக்கு விஷயத்தில் எனக்கு ஒரு விண்ணப்பம்: எல்லா இடத்தையும் மூடிவிடாதீர்கள், வெயில் படுகிற மாதிரி கொஞ்சம் வெறும் தரையை விட்டு வையுங்கள்.

ஆவாரை இலையைப் பச்சைப் புழுக்கள் தின்னும். மஞ்சளும் வெள்ளையுமாக வேகமாகப் பறக்கிற பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் அவை. இலை போனால் போகட்டும், மறுபடி துளிர்க்கும். வேப்பெண்ணெய்கூட அடிக்க வேண்டாம்.

ஓரத்தில் இடம் இருந்தால் ஒரு எருக்கு விடுங்கள். வெந்தய வரியன் என்கிற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி அதில்தான் முட்டையிடும். எருக்கம்பாலில் உள்ள நஞ்சைப் புழு உடம்பில் சேர்த்துக்கொள்வதால் குருவிகள் அதைத் தின்னத் தயங்கும். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகள் விளையாடுகிற பக்கம் வேண்டாம். கூடவே கிலுகிலுப்பை. அதன் வாடிய இலையிலும் காயிலும் வரியன் வகை ஆண் பட்டாம்பூச்சிகள் மொய்த்து ஏதோ உறிஞ்சுவதைப் பார்க்கலாம். பெண்ணை ஈர்க்கிற வாசனையைத் தயாரிக்கத் தேவையான வேதிப்பொருளை அதிலிருந்துதான் எடுக்கின்றன. ஆடு மாடு தின்றால் அந்தச் செடி நஞ்சு, அதனால் வேலிக்கு உள்பக்கமாக வையுங்கள்.

தும்பையைப் பற்றி ஒன்றே ஒன்று. மழை முடிந்த மார்கழிக் காலையில் நீலன் என்கிற சின்னப் பட்டாம்பூச்சிகள், தேனீக்கள், குளவி என்று எல்லாரும் அந்த வெள்ளைப் பூவில்தான் இருப்பார்கள். பூவெல்லாம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை.


உடன்குடிக்காரன்:

எங்கள் பக்கம் கரிசல் இல்லை, தேரி மணல். பெய்கிற மழையை அப்படியே குடித்துவிடும். கொழிஞ்சி இங்கே யாரும் விதைக்காமலே கிடக்கிறது. அக்கா சொன்னதோடு ஒரு செடியைச் சேர்க்கிறேன், செங்காந்தள். நம் மாநிலப் பூ. கண்வலிக்கிழங்கு என்றால் எல்லாருக்கும் தெரியும். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறார்கள். இங்கே உடைமர வேலியில் தானாக ஏறி மழைக்காலத்தில் பூக்கும். இலை நுனியே சுருண்டு கொடி மாதிரிப் பிடித்துக்கொள்ளும், அதனால் ஏறுவதற்கு ஒரு முள்ளோ குச்சியோ இருந்தால் போதும். உங்கள் செம்முள்ளி வேலியே போதும்.

கோடையில் மேலே ஒன்றும் இருக்காது, கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். அந்த நேரத்தில் தண்ணீர் பட்டால் அழுகிவிடும். கரிசலில் வைத்தால் மழைத் தண்ணீர் தேங்கியே அழுகும், ஆகவே சரளைப் பக்கம் மேடு கட்டி வையுங்கள். கிழங்கு ஏர் மாதிரி ரெண்டு கிளையாக இருக்கும். முளை நுனியில்தான் உண்டு, நடும்போது நுனி ஒடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செடி முழுக்க நஞ்சு, கிழங்கு கடும் நஞ்சு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் வளர்கிறவரை இதைத் தள்ளிப் போடுங்கள் என்றே சொல்வேன்.


சாத்தூர்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணுப்பிள்ளை என்றதும் ‘அதை வை முதல்ல’ என்று சொல்லிவிட்டார்கள். செங்கல் குவியலை இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிடுகிறோம். செங்காந்தள் இப்போதைக்கு வேண்டாம், பொண்ணுக்கு மூணு வயசு. எருக்கும் அப்படியே.

ரெண்டு சந்தேகம். தெற்குப் பக்கக் கரிசலை விதைப்பதற்கு முன்னால் டிராக்டர் விட்டு உழவேண்டுமா? மொட்டை மாடித் தண்ணீர் இப்போது குழாய் வழியாகத் தெருவுக்குப் போகிறது, அதைத் தோட்டத்துக்குத் திருப்பலாமா?


வெயிலுகந்தாள்:

டிராக்டர் வேண்டாம் அண்ணாச்சி. மூணு சென்டுக்கு அது வந்து திரும்பவே இடம் பத்தாது, தவிர ஆழமாகப் புரட்டினால் அடியில் தூங்குகிற பார்த்தீனியம் விதையெல்லாம் மேலே வரும். கரிசல் தானே வெடித்து, வெடிப்புக்குள் மேல்மண் விழுந்து, தன்னைத்தானே உழுதுகொள்கிற மண். மண்வெட்டியால் மேலாக ஒரு விரல்கடை ஆழத்துக்குக் கொத்திக் கட்டியை உடைத்தால் போதும். ஆவாரைக் குழிக்கு மட்டும் கொஞ்சம் ஆழமாக.

மாடித் தண்ணீரைக் கட்டாயம் திருப்புங்கள், அது உப்பில்லாத தண்ணீர். ஆனால் நேராகச் செடி மேல் விடாதீர்கள், தேங்கினால் கொழிஞ்சியும் விஷ்ணுகிராந்தியும் போய்விடும். வீட்டு அஸ்திவாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, தெற்கு எல்லை ஓரமாக முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். அதில் இறங்கட்டும். வாய்க்காலிலிருந்து எடுத்த மண்ணைப் பக்கத்திலேயே கரையாகப் போட்டு அந்தக் கரை மேல் ஆவாரையை விதையுங்கள். வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும், தண்டு தண்ணீரில் நிற்காது. எங்கள் ஊர் ஓடைக்கரையில் அப்படித்தான் ஆளுயரத்துக்கு நிற்கிறது. முதல் மழையில் மாடியின் தூசியும் பறவை எச்சமும் வரும், பரவாயில்லை, தோட்டத்துக்குத்தானே.

விதை எடுக்க இந்த வாரமே கிளம்பிவிடுங்கள். ஆவாரைக் காய் கையில் நொறுங்க வேண்டும். பச்சை வாடை இருந்தால் விதை முற்றவில்லை. எடுத்த விதையில் சின்ன ஓட்டை தெரிந்தால் வண்டு துளைத்தது, அதைக் கழித்துவிடுங்கள். தும்பையும் கண்ணுப்பிள்ளையும் இப்போது பொழியில் சருகாகத்தான் கிடைக்கும், அதையே கசக்கித் தூவுங்கள். போதாவிட்டால் தை கடைசியில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் பழுத்த செடி நிறைய இருக்கும், சாத்தூர் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.